பீங்கான் ஸ்டாண்டு

பக்கிரியின் மனைவி கனகாவுக்கு வாந்திபேதி கண்டது மாசி மகம் முடிந்த மறுநாள். கமிட்டி ஆஸ்பத்திரிக்குப் பீங்கான் ஸ்டாண்டு வந்து இறங்கியது அதற்கு முந்தின வாரம். இரண்டில் எது பெரிய கண்டம் என்று கேட்டால் விருத்தாசலத்தில் இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

பக்கிரி பீங்கான் பட்டறையில் கட்டு கட்டுகிறவன். கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி, கரண்டுக் கம்பத்துக்குப் போகிற வெள்ளைக் குமிழ் என்று சூளையிலிருந்து எது வந்தாலும் வைக்கோல் சுற்றி, கூடையில் உடையாமல் அடுக்கி, லாரியில் ஏற்ற வேண்டும். நல்ல வேலைக்காரன். ஆனால் அவன் வாயில் இருந்தது ஒரே சொல்தான்: சரிங்க. மேஸ்திரி திட்டினாலும் சரிங்க, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரிங்க. "ஒருத்தங்கிட்டயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கியாய்யா நீ?" என்று கனகா கேட்பாள். அதற்கும் சரி என்பது போலச் சிரிப்பான். அவளுக்கு அதில் எரிச்சல் உண்டு. அவன்மேல் உயிரும் உண்டு.

அன்று விடிந்ததிலிருந்தே அவளுக்கு நிற்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் எங்கேயோ குடித்த தண்ணீர். வெயில் ஏறுவதற்குள் கண் உள்ளே போய்விட்டது, கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது, குரல் அடைத்துக் காற்று மட்டும்தான் வந்தது. பக்கிரி அவளைக் குதிரைவண்டியில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே வராந்தா நிறைய, மரத்தடி நிறைய, எல்லாம் இதே கேஸ். வாசலில் நின்ற ஆள் வண்டியிலிருந்து இறங்கவே விடவில்லை.

"எடம் இல்லப்பா. கமிட்டி ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க சலைன் ஏத்த புது ஸ்டாண்டே வந்திருக்குதாம்."

"சரிங்க," என்றான் பக்கிரி.

ஊர்நல தர்ம வைத்தியசாலை என்பதுதான் பலகையில் இருக்கிற பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கமிட்டி கூடித் தீர்மானம் போடாமல் அங்கே ஒருவருக்கு எனிமா கூடக் கொடுக்க முடியாது என்பதால் அது கமிட்டி ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. கமிட்டித் தலைவர் ரைஸ் மில் தெய்வநாயகம். செயலாளர் தனபால், ஏதோ ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ்தான் அவரை விட்டதே தவிர, அவர் ஆபீசை விடவில்லை. உள்ளே நுழைந்தால் கட்டிலில் உபயம், சுவரில் உபயம், எச்சில் துப்புகிற கோப்பையில் கூட உபயம் என்று யாராவது ஒருவர் பெயர் நீலத்தில் எழுதியிருக்கும். நோயாளியின் பெயரை மட்டும் எங்கேயும் எழுதி வைக்க மாட்டார்கள்.

டாக்டர் பாலகிருஷ்ணன் சின்ன வயசுக்காரர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கனகாவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின இடம் கிள்ளினபடியே நின்றது.

"ஒடம்புல தண்ணியே இல்ல. நரம்பு வழியா சலைன் ஏத்தணும். நிறுத்தாம ஏறிச்சுன்னா பொழைச்சுக்குவாங்க. நடுவுல நின்னுச்சுன்னா..." என்றவர் நர்சு ராஜாம்பாளைப் பார்த்தார்.

ராஜாம்பாள் கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஊசியை இடுக்கியால் எடுத்தாள். சிவப்பு ரப்பர் குழாய், அதன் நடுவே சொட்டு விழுவதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குமிழ், நுனியில் ஊசி. நரம்பு காய்ந்து ஒட்டிப் போயிருந்ததால் இங்கே குத்தி, அங்கே குத்தி, கடைசியில் முழங்கைக்கு உட்புறம் கிடைத்தது. கையை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டினாள். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, பேண்டேஜ் துணியில் உறி போலக் கட்டி, வார்டின் நடுவில் நின்ற ஸ்டாண்டில் மாட்டினாள்.

ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் வெள்ளைப் பீங்கான். உச்சியில் ஒரு தாமரை. தாமரைக்குக் கீழே 'தலைவர் திரு. தெய்வநாயகம் அவர்கள் முயற்சி' என்று சுட்டாலும் அழியாத நீலத்தில் எழுத்து. அடியில் சிமெண்டு மேடை. பார்க்க நன்றாகவே இருந்தது. உயரம்தான் பக்கிரியின் இடுப்புக்கு மேல் ஒரு சாண். அதாவது, கட்டில் உயரத்துக்கும் ஸ்டாண்டில் தொங்குகிற பாட்டிலின் வாய்க்கும் வித்தியாசம் ஏதுமில்லை.

சலைன் இறங்கவில்லை. கண்ணாடிக் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கிரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சிவப்பாக ஏதோ மேலே ஏறி வந்து குமிழில் நின்றது. கனகாவின் ரத்தம். அவளுக்குத் தண்ணீர் ஏற்றப் போய், அவளிடம் மிச்சமிருந்ததை ஸ்டாண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ராஜாம்பாள் பாட்டிலை அவிழ்த்துப் பக்கிரியின் கையில் கொடுத்தாள். "தலைக்கு மேல தூக்கிப் புடிங்க. கைய எறக்காதீங்க."

அவன் தூக்கினான். ரத்தம் திரும்பி இறங்கியது. குமிழில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று. பக்கிரிக்கு அழுகை வந்தது. அவன் வாழ்நாளில் எத்தனையோ லோடு சாமான் அடுக்கியிருக்கிறான். ஒரு சொட்டுத் தண்ணீருக்காக இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். செயலாளர் தனபால் வந்துவிட்டார்.

"என்ன இது?" என்றார்.

"சலைன் ஏத்துறோம் சார்," என்றாள் ராஜாம்பாள்.

"அத கேக்கல. ஸ்டாண்டு இருக்கும்போது ஆளு எதுக்குப் புடிக்கிறான்னு கேக்கறேன். நாளைக்கு ஆடிட்டுல கேப்பான். ஆளே புடிக்கிறானே, அப்புறம் ஸ்டாண்டு எதுக்குய்யான்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?"

"ஸ்டாண்டு குட்டையா இருக்குது சார். எறங்கல."

தனபால் முகம் சுண்டிவிட்டது. குட்டை என்ற சொல்லைக் கமிட்டி ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. உள்ளூரில் செய்கிற பொருளையே உள்ளூர் ஸ்தாபனங்கள் வாங்க வேண்டும் என்று மேலே ஒரு மகான் உத்தரவு போட்டார். மற்ற ஊர்க்காரர்கள் ரெண்டு பாய், ரெண்டு கூடை வாங்கிக் கணக்கை நேர் செய்துகொண்டார்கள். நம் கமிட்டி யோசித்து யோசித்து, இரும்பில் இருந்த சலைன் ஸ்டாண்டைக் கழித்துவிட்டுப் பீங்கானில் ஒன்று செய்யச் சொன்னது. இரும்பு ஸ்டாண்டு தலைவரின் மில்லில் லாந்தர் மாட்ட உபயோகமாகிறது.

பட்டறை மேஸ்திரி பழமலை வந்து, மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும், அதனால் அச்சைப் பெரிதாகப் போட வேண்டும் என்றாராம். இது அந்த ஊரில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவருக்கும் தெரிந்த விஷயம். தனபாலுக்கும் தெரியும். ஆனால் செயலாளர் என்ற முறையில் அவருக்குத் தெரியாது. "சுருங்குதுன்னு வச்சுக்குவோம். அந்தச் சுருங்கின பாகம் எங்க? அத கமிட்டிகிட்ட ஒப்படைக்கணுமா இல்லையா? பெருசா போடுன்றான், அப்புறம் சின்னதா குடுக்கறான், நடுவுல உள்ளது யாரு வூட்டுக்குப் போவுது?" என்று கேட்டார். மேஸ்திரியால் அந்தப் பாகத்தைக் காட்ட முடியவில்லை. கமிட்டி கொடுத்த படத்தில் உள்ள அளவுக்கே அச்சுப் போட்டார்கள். முழு உயரத்துக்குச் சூளை பற்றாது என்பதால் மூன்று துண்டாகச் சுட்டார்கள். மூன்றும் சுருங்கி வந்தன. நடுத்துண்டு விரிசலும் விட்டுவிட்டது. உடைந்ததற்குப் பதில் வாங்குவதற்கு விதியில் இடமில்லை. மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் ஒட்டி நிறுத்திப் படையல் போட்டுவிட்டார்கள்.

"ஸ்டாண்டு குட்ட இல்ல," என்றார் தனபால் இப்போது. "கட்டிலுதான் ஒசரம்."

சுவரில் ஆணி அடித்து மாட்டலாமே என்று டாக்டர் மூக்குக்குள் முனகினார். சுவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர் உபயம். அதில் ஆணி அடித்தால் அவருக்கு மனசு கோணும் என்று தனபால் சொல்லிவிட்டார். ஸ்டாண்டின் அடியில் கல் வைத்து உயர்த்தலாமா? கல் வைத்தால் குட்டை என்று ஆகிவிடும். கட்டில் காலை அறுக்கலாமா? கட்டில், காலமான ஒருவரின் ஞாபகார்த்தம். அவர் காலை அறுத்தது போல ஆகும்.

"அப்ப தரையில படுக்க வைக்கலாம் சார்," என்றாள் ராஜாம்பாள். "ஸ்டாண்டுலயே மாட்டிடலாம். நல்லா எறங்கும்."

எல்லார் முகமும் தெளிந்தது. பக்கிரிக்குத்தான் முதலில் தெளிந்தது. ஒரு கையில் பாட்டிலோடு, மறு கையைக் கனகாவின் முதுகுக்கடியில் கொடுத்துவிட்டான்.

"நில்லு," என்றார் தனபால். "கட்டில் நம்பர் இருந்தாத்தான் நோயாளி. தரையில படுத்தா பாக்க வந்தவங்கன்னு அர்த்தம். பாக்க வந்தவங்களுக்கு எப்படி சலைன் குடுக்கறது?"

பக்கிரி தூக்கின கையோடு, "சரிங்க," என்றான். வாய்க்குப் பழகிப்போன சொல். சொன்ன பிறகு தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்கும் கை ஒழியவில்லை.

சாயங்காலம் வார்டிலேயே கமிட்டி கூடியது. நோயாளிகளின் நடுவே பெஞ்சு போட்டு உட்கார்ந்து காபி குடித்தார்கள். தெய்வநாயகம் அதிகம் பேச மாட்டார், பேசினால் அது தீர்மானம். இப்படி முடிவாயிற்று: ஸ்டாண்டு அசையாது. கட்டிலை அறுக்க முடியாது. நோயாளி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஆகவே தரையைத் தோண்டிக் கட்டிலை இறக்குவது. தரை யாருடைய உபயமும் இல்லை. தோண்டும் வேலை தலைவரின் மச்சானுக்கு. மெட்ராஸிலிருந்து மானிய அதிகாரி பார்வையிட வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அதுவரை நோயாளி தைரியமாக இருக்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போட்டார்கள்.

"கைய எறக்கச் சொல்லு அந்த ஆள," என்று போகும்போது தனபால் சொன்னார். "குழி ஆவுற வரைக்கும் ஸ்டாண்டுலயே தொங்கட்டும்."

அவர் தலை மறைந்ததும் ராஜாம்பாள் பக்கிரியிடம் வந்தாள். நாற்பது வயசுக்காரி. இந்தக் கமிட்டியைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவள். "எறக்காதீங்க," என்றாள். "பாட்டிலு காலியாவப் போவுதுன்னா முன்னாடியே ஒரு கொரல் குடுங்க. காலியாயி காத்து உள்ள போனா ஆளு தங்காது. இந்தாளு திரும்பி வந்தா நான் பேசிக்கறேன்."

தனபால் திரும்பி வரத்தான் செய்தார், குடையை மறந்துவிட்டுப் போயிருந்தார். பக்கிரி கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தான். அவர் வாயைத் திறக்குமுன் ராஜாம்பாள் சொன்னாள்:

"வேண்டுதல் சார்."

"என்னது?"

"பொஞ்சாதி எழுந்து உக்கார்ற வரைக்கும் தூக்கின கைய எறக்க மாட்டேன்னு கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கிட்டிருக்காரு."

"கையில பாட்டிலு எதுக்கு?"

"வெறுங்கையா தூக்கக் கூடாதாம் சார்."

தனபால் செருப்பைக் கழற்றிவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு மனுஷி சாகக் கிடக்கிறாள் என்றால் அசையாதவர், சாமி விஷயம் என்றதும் அப்படியே குழைந்து போனார். "அத முதல்லயே சொல்றது தான? எந்த விதியிலயும் வேண்டுதலத் தடுக்க எடமில்ல. இது ஒண்ணும் நாத்திகக் கமிட்டி இல்ல," என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படியாகப் பக்கிரி நின்றான். வலது கை மரத்தால் இடது கை, இடது கை மரத்தால் வலது கை. நடுவில் அவன் வெளியே போய்வர ராஜாம்பாள் கொஞ்ச நேரம் பிடிப்பாள். மற்றபடி தூக்கம்கூடச் சன்னல் கம்பியில் தோளை முட்டுக் கொடுத்துத்தான். மறுநாள் கடப்பாரையோடு ஆட்கள் வந்து அவன் காலடியிலேயே தரையைப் பிளந்தார்கள். புழுதி எழும்பி வார்டு முழுக்க இருமியது. கனகாவின் மூக்கில் விழாமல் அவள் முந்தானையை இழுத்து மூடினான்.

அவள் கண் திறந்து பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கா?" என்றாள், வராத குரலில்.

"இல்ல கனகா. கட்டிலுக்கு."

அவளுக்கு அது புரியவில்லை. எப்படிப் புரியும்? கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதய்யா," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்க வேண்டுதல் விஷயம் பரவிவிட்டது. நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் முதலில் பக்கிரியைப் பார்த்தார்கள். ஒருத்தி அவன் காலடியில் பூ வைத்தாள். ஒருவர் சூடம் ஏற்றினார், குழி வெட்டுகிற ஆள் பீடி பற்ற வைக்க அதையே கேட்டான். பக்கிரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் சாமி இல்லைங்க, ஸ்டாண்டுங்க என்று கத்த நினைத்தான். கத்தியிருந்தால் கையை இறக்கச் சொல்லியிருப்பார்கள்.

குழி தயாரானது. கட்டிலை அளந்து, மயிரிழை பிசகாமல் கட்டில் அளவுக்கே வெட்டியிருந்தார்கள். பிறகு அழகுக்காக நாலு பக்கமும் சிமெண்டு பூசினார்கள். பூசினதும் குழி சுருங்கிவிட்டது. அதிகாரி வருகிற அன்று காலையில் நாலு பேர் கனகாவைக் கட்டிலோடு தூக்கி உள்ளே இறக்கினார்கள். கட்டில் அரை முழம் இறங்கி, பக்கச் சுவரில் சிக்கி, கால்மாடு உயர்ந்து தலைமாடு தாழ்ந்து நின்றுவிட்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. ராஜாம்பாள் ஓடி வந்து கனகாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தார்கள். அந்த அரை முழ இறக்கம் போதவில்லை, குமிழில் சொட்டு நின்றது. பக்கிரி யாரையும் கேட்காமல் பாட்டிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ," என்றார் தனபால். "வேண்டுதலும் இருக்கட்டும், ஸ்டாண்டும் இருக்கட்டும். ஆனா கேட்டா என்ன சொல்லணும்னு தெரியுமில்ல?"

பக்கிரிக்குத் தெரியவில்லை. அவன் கவனமெல்லாம் பாட்டிலில் இருந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது.

"அய்யா, பாட்டிலு முடியப் போவுதுங்க. அடுத்தது குடுங்க."

பாட்டில்கள் எல்லாம் செயலாளரின் பீரோவில் இருந்தன. அவர் ஒன்றை எடுத்து வந்து, கைக்குழந்தை போல மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டாண்டின் அந்தப் பக்கம் நின்றார். "அதிகாரி பாத்து முடிக்கட்டும். ஸ்டாண்டுனால பயன் அடைஞ்சவங்களுக்குத்தான் அடுத்த பாட்டிலு. பயன் அடையலன்னா எதுக்கு வீணா ஏத்தணும்?" என்றார் அமைதியாக.

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெய்வநாயகம் திரும்பிப் பார்த்தார். டாக்டர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கத் தொடங்கினார்.

அதிகாரி வந்தார். மாலை போட்டார்கள், ஸ்டாண்டுக்கும் ஒன்று போட்டார்கள். தெய்வநாயகம் பேசினார்: "என் பேரு எழுதியிருக்கறதால சொல்லல. எழுதாட்டியும் இது நம்ம ஸ்டாண்டுதான். இத செய்யறதுக்கு முன்னாடி இந்த ஊருல எத்தனையோ பேரு பொழைச்சிருக்கலாம். ஆனா இவ்வளவு கவுரவமா யாரும் பொழைச்சதில்ல." கை தட்டினார்கள். பாட்டிலின் கழுத்தில் தண்ணீர் இன்னும் இறங்கியது.

அதிகாரி குழியை எட்டிப் பார்த்தார். கோணலாகச் சிக்கின கட்டிலில் கனகா அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் நெகிழ்ந்து போனார். "நான் பல ஜில்லா பார்த்தவன். எங்கே போனாலும் நோயாளியின் சௌகரியத்துக்காக உபகரணத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் நம் நாட்டில் எதுவும் நிலைப்பதில்லை. இங்கேதான் உபகரணத்துக்காக நோயாளி ஒத்துழைப்பதைப் பார்க்கிறேன்," என்றார். பிறகு பக்கிரியைப் பார்த்தார். "நீர்தான் கணவரா? ஸ்டாண்டு எப்படி இருக்கிறது? தயங்காமல் சொல்லும். குறை இருந்தால் அதையும் சொல்லலாம்."

தலைக்கு மேலே தூக்கின கையில் பாட்டிலைப் பிடித்தபடி பக்கிரி நின்றான். அந்தப் பாட்டிலுக்கும் கீழே, மாலையோடு ஸ்டாண்டு நின்றது. குருடனுக்கும் விளங்குகிற காட்சி. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணை உயர்த்திப் பாட்டிலைப் பார்த்தான், அதன் வாயருகில் ஒரு விரல் அகலத் தண்ணீர். எதிரே பார்த்தான், தனபாலின் மார்பில் அடுத்த பாட்டில். கீழே ராஜாம்பாள் குழாயை இரண்டு விரலால் நெரிக்கத் தயாராக வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். முடியாது என்கிற சொல் தொண்டைவரை வந்ததை அவனே உணர்ந்தான்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்றான். "அதாங்க என் பொஞ்சாதி உசுரக் காப்பாத்துச்சு."

கை தட்டல் எழுந்தது. அதிகாரி திருப்தியோடு தலையாட்டி, "கையில் என்ன?" என்று கேட்டார்.

"வேண்டுதல் சார்," என்றார் தனபால்.

"ஒரு பக்கம் நவீன வைத்தியம், ஒரு பக்கம் பக்தி. பேஷ்," என்றார் அதிகாரி. தனபால் பாட்டிலை நீட்டினார். ராஜாம்பாள் அதைப் பறித்த வேகத்தில் அவர் மோதிரம் கழன்று குழிக்குள் விழுந்தது. குழாய் புதுப் பாட்டிலுக்கு மாறியது, சொட்டு விழுந்தது. கனகா அவன் சொன்னதைக் கேட்டிருந்தாள். கட்டுப்போடாத கையை மெதுவாக நீட்டி அவன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பிழைத்துவிடுவாள் என்று அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னார். இன்னும் ரெண்டு பாட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான். பக்கிரி அதைக் கேட்டு வாய்விட்டு அழுதான்.

அதே நேரத்தில் கமிட்டி, ஒரு குதிரைவண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஊருக்குள் அனுப்பியிருந்தது. பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, பட்டறை வாசல் என்று அது ஒவ்வொரு இடமாக நின்று சொன்னது: வாந்திபேதி கண்டவர்கள் கவலைப்பட வேண்டாம். நம் ஊர்ப் பீங்கான் ஸ்டாண்டு இருக்கிறது. பட்டறைத் தொழிலாளி பக்கிரி அவர்கள், தன் மனைவி உயிரை ஸ்டாண்டுதான் காப்பாற்றியது என்று அதிகாரி முன்னிலையில் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். சன்னல் வழியாக அந்தச் சத்தம் வார்டுக்குள்ளும் வந்தது. பக்கிரி காதை மூட நினைத்தான்.

மறுநாள் காலையில் காத்தவராயன் வந்தான். அவனும் பட்டறையில் மண் மிதிக்கிறவன்தான். முதுகில் அவன் அம்மா சின்னம்மாள், துவண்ட கீரைக்கட்டு போலக் கிடந்தாள்.

"அண்ணே, பெரியாஸ்பத்திரியில வராந்தாவுல எடம் குடுத்தாங்க," என்றான் மூச்சு வாங்க. "நான்தான் வேணாம்னுட்டு இங்க தூக்கியாந்துட்டேன். நம்ம பக்கிரியண்ணனே சொல்லியிருக்குதுன்னாங்க."

சின்னம்மாளைப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள், ஊசி குத்தினார்கள், தனபால் மேற்பார்வையில் பாட்டிலை ஸ்டாண்டில் மாட்டினார்கள். குமிழில் சிவப்பு ஏறத் தொடங்கியது.

"அண்ணே, இது இப்படித்தான் ஏறுமா?" என்று கேட்டான் காத்தவராயன்.

தனபால் அருகிலேயே நின்றார். கனகாவுக்கு ஏற வேண்டிய கடைசிப் பாட்டில் இன்னும் பீரோவில் இருந்தது. பக்கிரி சொன்னான், "தம்பி, நீயும் கொளஞ்சியப்பருக்கு ஒரு வேண்டுதல் வேண்டிக்க. அந்தப் பாட்டில எடுத்துத் தூக்கிப் புடி."

காத்தவராயன் கை நீட்டினான். தனபால் குறுக்கே வந்தார். "ஆளாளுக்கு வேண்டிக்கிட்டா இது ஆஸ்பத்திரியா, கோயிலா? நேத்தே தீர்மானம் ஆயிருக்குது. ஒரு வார்டுக்கு ஒரு வேண்டுதல்தான்."

சின்னம்மாளின் ரத்தம் குமிழைத் தாண்டி மேலே போனது. காத்தவராயனின் கண் நிறைந்துவிட்டது. அவன் பக்கிரியைத்தான் பார்த்தான். கமிட்டியைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை, சொன்ன ஆளைத்தானே பார்ப்பான்.

பக்கிரி இடது கையை நீட்டினான். "அத இங்க குடு. வேண்டுதல் ஒண்ணுதாங்க, கைதான் ரெண்டு," என்றான் தனபாலிடம். விதியில் கையைப் பற்றி ஒன்றும் இல்லை. தனபால் நகர்ந்து வழிவிட்டார். ராஜாம்பாள் சின்னம்மாளின் கட்டிலை இழுத்துக் கிட்டத்தில் போட்டாள். வலது கையில் கனகா, இடது கையில் சின்னம்மாள். இரண்டு குமிழிலும் சொட்டு விழுந்தது. இனி கை மாற்றவும் வழியில்லை. தோளிலிருந்து முதுகு வரைக்கும் தீப்பற்றின மாதிரி வலித்தது.

"வூட்டுக்கு எப்பய்யா போவோம்?" என்றாள் கனகா. அவளுக்குக் குரல் திரும்பி வந்திருந்தது.

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஒருவனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பின்னால் அவன் பெண்டாட்டி வீராயி ஓடி வந்தாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருகிறார்களாம், வழியிலே கடைத்தெருவில் குழாய் சத்தத்தைக் கேட்டு வண்டியைத் திருப்பிவிட்டார்களாம். வார்டில் நடுவாக ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் இவர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேராக அவன் முன்னே வந்து நின்றாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதாங்க இங்க இட்டாந்தோம்," என்று அவனைக் கும்பிட்டாள்.

திரும்பக் கும்பிட அவனுக்குக் கை ஒழியவில்லை.